சாட்சிக்கு ஒன்றும் கிடையாது

பிப்ரவரி 3, செவ்வாய்

மன்னிக்க வேண்டும், சிஸ்டர். இந்த டைரியை நீங்கள் என்னிடம் கொடுத்தது உங்கள் சர்க்கரை அளவை எழுதிவைக்கத்தான். நாளுக்கு ஒரு பக்கம், அதில் இரண்டே எண்கள். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மீதி இடம் சும்மா கிடக்கிறது. வெறும் தாளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அம்மா சுற்றும் பீடிக் கட்டுகளின் லேபிளைத் திருப்பிப் போட்டு எழுதிப் படித்தவள் நான். அதனால் மிச்ச இடத்தில் கொஞ்சம் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. என் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

முதல் பக்கத்தில் பெயர், தொழில், முகவரி கேட்டிருந்தார்கள். சிஸ்டரின் பெயரை எழுதினேன். ஜெபமணி, ஓய்வுபெற்ற செவிலியர், பாளையங்கோட்டை. அதன் கீழே, யாரும் கேட்காமலே, என் பெயரையும் எழுதினேன். முப்பிடாதி, பி.காம்., பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு. மேற்படி வீட்டின் மாடியில் குடியிருப்பவள்.

டாக்டர் சொல்லிவிட்டார். சிஸ்டரின் குடலில் கட்டி. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன். வீட்டுக்கு வந்து சேலை மாற்றியதும் சிஸ்டர் சொன்னார், கடைக்குப் போனால் கத்தரிக்காய் வாங்கிட்டு வா என்பதுபோல:

“ஏளா முப்பிடாதி, ஆபரேஷனுக்கு முன்னால ஒரு உயில் எழுதணும். உங்க ஆபீஸ் அண்ணாச்சிட்ட கேட்டுட்டு வா.”

“யாருக்கு சிஸ்டர்?” கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

“உனக்கில்ல, பயப்படாத.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு இந்த வீட்டில் எதுவும் வேண்டாம். அதைத் தெளிவாக இங்கே எழுதிவைக்கிறேன். சிஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இன்று கேட்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

210. 268. கேழ்வரகுக் களி, கீரை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம் இருந்தது. எடுத்துவிட்டேன். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

சிஸ்டர் கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஷெரிபா அக்கா ஸ்கூட்டரில் வந்தார். வழித்துணை அறக்கட்டளையில் இருப்பவர். வெளியூரிலிருந்து நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கிறார்கள். தங்க இடம் கொடுக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை, இடம்தான் இல்லை.

சிஸ்டர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். விற்கிறவர்கள் காட்டுவதுபோல நல்லதை மட்டும் காட்டவில்லை. “இந்தச் சுவர் மழையில ஓதம் அடிக்கும். இந்தக் கதவை ஒரு இடி இடிச்சாதான் திறக்கும்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். “ஆனா கிணத்துல தண்ணி வத்தாது. ஒரே நேரத்துல பத்துப் பொம்பளைங்க துணி துவைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவளுக்கு முதல்ல அதுதான வேணும்?”

“ஏன் சிஸ்டரம்மா, சொந்தக்காரங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்று ஷெரிபா அக்கா கேட்டார்.

“அண்ணன் மகன் இருக்கான். பெங்களூர்ல ரெண்டு வீடு கட்டியிருக்கான். ரெண்டுலயும் எனக்குப் படுக்க இடம் இல்ல.” சிரித்தபடிதான் சொன்னார். பிறகு, “சாயங்காலம் மணி அடிச்சதும் துணைக்கு வந்தவங்களை வார்டை விட்டு வெளிய அனுப்புறது என் டூட்டி. ரிட்டையர் ஆயாச்சு. அந்த மணி மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகல.”

படிக்கட்டின் கீழே நின்று ஷெரிபா அக்கா மேலே பார்த்தார். “மாடியில?”

“மாடியில இந்தப் பிள்ள இருக்கா.”

அவ்வளவுதான் சொன்னார். இருக்கிறாள் என்றால் இருப்பாள் என்று அர்த்தமா, இப்போதைக்கு இருக்கிறாள் என்று அர்த்தமா? அதைக் கேட்க முடியாமல் டீ போடப் போய்விட்டேன்.

சிஸ்டர் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் ஜெ.ம. என்று பெயர் வெட்டியிருக்கும். அலமாரியில் கடைசியாக இருக்கும் டம்ளரில் மட்டும் மு. நான் குடிவந்த முதல் தீபாவளிக்குப் பாத்திரக்கடைக்குக் கூட்டிப்போய் வெட்டிக் கொடுத்தார். கடைக்காரர், “மகளுக்கா சிஸ்டர்?” என்று கேட்டார். மிஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்ததால் சிஸ்டர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

188. 240. இறங்குகிறது.

பிரமநாயகம் அண்ணாச்சியின் அலுவலகம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று நாள் முழுக்க ஊரார் வீட்டை நான் தட்டச்சு செய்கிறேன். “நான்கு மால்களுக்குள்பட்ட” என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இன்று சிஸ்டர் வந்து எதிரே உட்கார்ந்து அவர் வீட்டின் நான்கு எல்லைகளையும் சொல்லும்போது விரல் தடுக்கியது. கிழக்கே தெரு, மேற்கே ராஜாமணி சார் வீடு. எனக்குத் தெரிந்த ஒரு வீடு முதல்முறையாக என் கையில் வருகிறது.

அண்ணாச்சி எப்போதும் சொல்லும் இரண்டு விஷயங்களைச் சொன்னார்.

“சிஸ்டர், சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். உங்களைவிட வயசுல சின்னவங்களாப் பாருங்க. பின்னால யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா வந்து சொல்லதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்லா?”

“அப்ப உம்மைக் கூப்பிட முடியாது.”

“என்னைக் கூப்பிட்டா நாம ரெண்டு பேரும் மேல போய்த்தான் சாட்சி சொல்லணும். ரெண்டாவது, சாட்சி போடுதவங்களுக்கு இதுல எதுவும் எழுதக் கூடாது. எழுதினா உயில் நிக்கும், அவங்களுக்கு எழுதினது நிக்காது. சாட்சிக்கு ஒண்ணும் கிடையாது. அதுதான் சட்டம்.”

சிஸ்டர் தலையாட்டினார். லில்லி சிஸ்டர் ஒருவர், கூட வேலை பார்த்தவர். பக்கத்து வீட்டு ராஜாமணி சார் ஒருவர். இருவரும் வயதில் இளையவர்கள்.

வீடு, மனை, கிணறு, பாத்திரங்கள் உட்பட என் காலத்துக்குப் பிறகு வழித்துணை அறக்கட்டளைக்கு. துணைக்கு வரும் ஏழைகள் தங்க. விற்கக் கூடாது. எல்லாம் அடித்துவிட்டேன். முடிந்துவிட்டது என்று நினைத்தபோது சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இன்னொண்ணு போடு. என்னோடு வசித்துவரும் முப்பிடாதி, அவள் விரும்பும் காலம் வரை, மேற்படி வீட்டின் மாடி அறையில் வாடகையின்றி இருந்துகொள்ளலாம்.”

என் பெயரைத் தட்டச்சு செய்வதில் மூன்று முறை தப்பு விட்டேன். கல்லூரியில் இந்தப் பெயரைக் கேட்டால் பின்வரிசையில் சிரிப்பார்கள். அலுவலகத்தில் அண்ணாச்சி முத்து என்று சுருக்கிவிட்டார். சிஸ்டர் மட்டும்தான் முழுசாகக் கூப்பிடுவார்.

“வரி சரியா வந்திருக்கா?” என்று கேட்டார்.

“வந்திருக்கு சிஸ்டர்.”

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து களி கிண்டினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மாடி ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கினேன். பழையது கிழிந்திருந்தது, அதனால்தான். மஞ்சள் பூப் போட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

உயில் விஷயம் கேள்விப்பட்டுத் தேவசகாயம் பெங்களூரிலிருந்து வந்தார். சிஸ்டரின் அண்ணன் மகன். சண்டை போடுவார் என்று நினைத்து நான் மாடியிலேயே இருந்தேன். சிஸ்டர்தான் கூப்பிட்டு இட்லி வைக்கச் சொன்னார்.

சண்டை போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அத்தை, எனக்கு அம்மை போட்டப்ப இந்த ரூம்லதான படுக்க வச்சீங்க. வேப்பிலையை வச்சு நீங்க விசிறிக்கிட்டே இருந்தீங்க. வீட்ல யார் யாரோ வந்து படுக்கப் போறாங்கன்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“அப்ப நீ வந்து படுடே. யாரு வேண்டாம்னா?”

“லீவு கிடைக்கணும்லா அத்தை.”

“எனக்கு ஆபரேஷனுக்கு லீவு கிடைக்குமா?”

அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார். அத்தை. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். வாய்க்குள் இட்லி இருக்கும்போதுகூட அந்த வார்த்தை வருகிறது. நான் சிஸ்டர் என்றுதான் சொல்கிறேன். ஊரே அவரை அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் பழம் விற்கிறவரும் சிஸ்டர் என்றுதான் சொல்கிறார்.

கிளம்பும்போது என்னிடம், “நீங்க எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். பதில் சொல்வதற்குள் என் பின்னால் மாடியில் தெரிந்த மஞ்சள் திரையைப் பார்த்துவிட்டார். பிறகு ராஜாமணி சார் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18, புதன்

142. 176. டாக்டருக்கு சந்தோஷம். வரும் செவ்வாய் அட்மிஷன், வியாழன் ஆபரேஷன். சிஸ்டர் பரிசாக ஒரு மக்ரூன் கேட்டார். பாதி கொடுத்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று பதிவு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லில்லி சிஸ்டர் நேரத்துக்கு வந்துவிட்டார். ராஜாமணி சார் வரவில்லை. போன் செய்தால், மகள் வீட்டுக்குத் திடீரென்று கிளம்ப வேண்டியதாகிவிட்டது, தேவசகாயம் தம்பியும் எதற்கும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னார், குடும்ப விஷயத்தில் நான் எதற்கு என்று இழுத்தார். சிஸ்டர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, “பாவம், பயந்தாங்கொள்ளி” என்றார்.

அண்ணாச்சி, “வெளிய டீக்கடையில சாட்சி போடதுக்குன்னே ஆள் நிக்கான் சிஸ்டர். ஒரு கையெழுத்துதான?” என்றார்.

“அவனுக்கு என்னைத் தெரியுமா?”

“ஆதார் கார்டு கொண்டுவருவான்.”

“அண்ணாச்சி, நாளைக்குத் தேவசகாயம் வக்கீலை வச்சுக் கேட்டா, இவன் என்ன சொல்லுவான்? எனக்குப் புத்தி தெளிவா இருந்துச்சுன்னு டீக்கடையில நிக்கவனுக்கு எப்படித் தெரியும்? வேண்டாம்.”

“திங்கக்கிழமை வேற ஆள் பார்ப்போமா?”

“செவ்வாய் அட்மிஷன். திங்கள் எனக்கு ஸ்கேன் இருக்கு.”

நான் அச்சுப் பொறியில் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை அவருக்கு, வயிற்றில் கையை வைத்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தபோது மட்டும் முகம் சுளித்தார்.

“நான் போடுதேன்” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு எப்படிக் கேட்டதோ.

“யம்மா முத்து, நீ போட முடியாது. உன் பேரு உள்ள இருக்கு.”

“அதை எடுத்திருவோம்.”

“வேண்டாம்ளா” என்றார் சிஸ்டர்.

“எடுத்திருவோம் சிஸ்டர்.”

“ஏளா, சொன்னாக் கேளு. உனக்குன்னு எழுதினது அது ஒண்ணுதான்.”

போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன். என் பெயர் இருந்த பத்தியைத் தேடி எடுத்துவிட்டேன். கீழே இருந்த பத்தி மேலே ஏறி வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை.

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். “ஆபரேஷன் முடிஞ்சு வந்து, வேற சாட்சி வச்சு, இந்தப் பிள்ளைக்குச் சேர்த்துத் திருத்தி எழுதிக்கலாம் சிஸ்டர். அதுக்கு வழி இருக்கு.”

“வந்தா” என்றார் சிஸ்டர்.

சார்பதிவாளர் சிஸ்டரைக் கேட்டார். “யாரும் வற்புறுத்தலையேம்மா?”

“என்னை வற்புறுத்த ஆள் இருந்தா நான் ஏன் சார் ஊருக்கு எழுதப் போறேன்?”

அவர் சிரித்துவிட்டார். சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெ போட்டு, பேனாவை எடுக்காமல் மணி வரை போய், அடியில் ஒரு கோடு. பிறகு என் முறை. முழுப் பெயரை எழுதினேன். முப்பிடாதி. நிமிர்ந்தபோது சிஸ்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லில்லி சிஸ்டர் என்னமோ பேசினார், அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைசிப் புள்ளி வைக்கும் வரை பார்த்தார்.

உயிலின் கடைசியில் எப்போதும் ஒரு வரி வரும். நூறு தடவை அடித்திருப்பேன். அவர் கையெழுத்திட்டதை நாங்கள் பார்த்தோம், நாங்கள் கையெழுத்திட்டதை அவர் பார்த்தார். இன்றுதான் அது என்ன என்று புரிந்தது. இதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிப்ரவரி 21, சனி

அம்மா போன் செய்தாள். பீடிக் கம்பெனியில் இலை சரியில்லை என்று சொல்லிவிட்டு, “அந்த சிஸ்டரம்மா உனக்கு ஏதும் எழுதினாங்களா?” என்று கேட்டாள்.

“சாட்சி போட்டேம்மா.”

“சாட்சிக்கு என்ன குடுப்பாங்க?”

“ஒண்ணும் கிடையாது.”

“கவர்மெண்டு ஆபீஸ்லயா போட்ட? பேனாவாலயா?” என்று கேட்டாள். அம்மா எங்கே போனாலும் கைநாட்டுதான். “உன் கையெழுத்து அங்க நிக்குதுல்லா, போதும்டி” என்றாள். பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்வது கேட்டது.

பிப்ரவரி 24, செவ்வாய்

அட்மிஷன். சிஸ்டர் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் என்று பிடிவாதமாக இருந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் விரிப்பின் மூலை சரியாக மடிக்கவில்லை என்று சின்ன நர்ஸ் பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்தினார்.

சாயங்காலம் மணி அடித்தது. “துணைக்கு வந்தவங்கல்லாம் வெளிய போங்க” என்று குரல். சிஸ்டர் என்னைப் பார்த்தார். “போ. மணி அடிச்சாச்சு. நான் சொன்னா மட்டும் கேக்கணும், இவ சொன்னா கேக்கக் கூடாதா?”

வீடு நடக்கிற தூரம்தான். போகவில்லை. வராந்தாவில் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்தேன். வரிசையாகப் பாய்கள், பைகள், சோற்று வாளிகள். உள்ளே இருக்கும் ஒருவரை நோக்கி எல்லோரும் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திரத்தில் “துணைக்கு வரும் ஏழைகள்” என்று அடித்தேனே, அது இவர்கள்தான். இன்று நானும்.

பிப்ரவரி 25, புதன்

பக்கத்துப் பாயில் பேச்சித்தாய் அக்கா. சங்கரன்கோயில் பக்கம். வீட்டுக்காரருக்குக் காலில் அடி. வந்து பல நாளாகிறது. காலையில் என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். “ஏம்மா, உள்ளூரா நீ? இங்ஙன குளிக்க மறைவா ஒரு இடம் இருக்குமா? தலை நாறுது. அவரு பக்கத்துல போகவே கூச்சமா இருக்கு.”

யோசிக்காமல் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். கிணற்றடியில் தண்ணீர் இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டார். துணியைத் துவைத்துக் காயப்போட்டார். டீ கொடுத்தேன். கைக்கு வந்தது மு டம்ளர். குடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். “மு யாரு?”

“நான்தான். முப்பிடாதி.”

“எங்க ஊர்லயும் முப்பிடாதி அம்மன் இருக்கா. நல்ல பேரு.”

சிஸ்டரிடம் கேட்காமல் ஆளைக் கூட்டிவந்திருக்கிறேன். நாளை ஆபரேஷன், இப்போது எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

உள்ளே போகும்போது சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நாள் முழுக்க அதை வைத்திருந்தேன். ஆபரேஷன் முடிந்தது என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, சனி

காய்ச்சல் விடவில்லை. கண் திறக்கவில்லை. நர்ஸ் வெளியே வந்து, “ஜெபமணி சிஸ்டரோட ஆள் யாரு?” என்று கூப்பிட்டார். எழுந்து போனேன்.

“நீங்க மகளா?”

“இல்ல.”

“சொந்தமா?”

“அவங்க வீட்ல இருக்கேன்.”

அது உண்மைதானா என்று தெரியவில்லை. எந்தத் தாளிலும் இப்போது அப்படி இல்லை. மருந்துச் சீட்டை என்னிடமே கொடுத்தார்.

மார்ச் 2, திங்கள்

பேச்சித்தாய் அக்கா இன்னொருவரைக் கூட்டிவந்தார். அவர் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார். அவர் இன்னும் இருவரை. என்னால் மறுக்க முடியவில்லை. அடுப்பில் யாரோ கஞ்சி வைக்கிறார்கள், கொடியில் இடமில்லாமல் மாடிக் கைப்பிடிச் சுவரில் சேலைகள் காய்கின்றன. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தறியாத சிஸ்டருக்காகப் பேச்சித்தாய் அக்கா மஞ்சள் துணியில் காசு முடிந்து என் அறை ஜன்னலில் கட்டியிருக்கிறார். சிஸ்டர் பார்த்தால் சத்தம் போடுவார். நான் அவிழ்க்கவில்லை.

மத்தியானம் தேவசகாயம் போன். ராஜாமணி சார் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

“அத்தை உள்ள கிடக்காங்க. வீட்ல யார் யாரோ வந்து போறாங்களாமே? இன்னும் அது அத்தை வீடுதான? யாரைக் கேட்டுத் திறந்தீங்க?”

நியாயமான கேள்வி. யாரையும் கேட்கவில்லை. “சிஸ்டர் எழுந்ததும் சொல்லிருதேன்” என்றேன்.

அவர் சட்டென்று குரலை இறக்கி, “எழுந்திருவாங்கல்லா?” என்று கேட்டார்.

“எழுந்திருவாங்க” என்றேன். முதல்முறையாக அவரிடம் சத்தமாகப் பேசினேன். புதன்கிழமை வருகிறேன் என்றார்.

மார்ச் 4, புதன்

காய்ச்சல் இறங்கியது. கண் திறந்தார். ஒருவரைத்தான் விட்டார்கள். தேவசகாயம் வாசல்வரை வந்துவிட்டு, “நீங்க போங்க. என்னைப் பார்த்தா வைவாங்க” என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடியைப் போட்டுவிட்டேன். சிஸ்டர் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“தொட்டி மோட்டார ஆஃப் பண்ணியா?”

“பண்ணிட்டேன் சிஸ்டர்.”

“இளைச்சுட்ட.”

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சொல்ல வேண்டியது எதையும் சொல்லவில்லை. வாசலில் நின்று அழுதேன். தேவசகாயம் பதறி எழுந்தார். நல்லாத்தான் இருக்காங்க என்று சொல்லவே நேரமாயிற்று. அவரைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப்போனேன். கொடியில் துணிகளையும் கிணற்றடியில் பெண்களையும் பார்த்தார். அவர் அம்மை போட்டுப் படுத்திருந்த அறையில் ஒரு கிழவி கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தார்.

மார்ச் 5, வியாழன்

சிஸ்டர், இன்று பார்க்கிற நேரத்தில் நான் பேசப் போகிறேன். எழுதிக் கொடுக்கப் போவதில்லை. வாயால் சொல்ல வேண்டும். நடுவில் தடுமாறாமல் இருக்க இங்கே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், உங்களைக் கேட்காமல் வீட்டைத் திறந்துவிட்டேன். வைய வேண்டும் என்றால் வைது முடித்துவிடுங்கள். கிணற்றில் தண்ணீர் வற்றவில்லை, நீங்கள் சொன்னது சரிதான். ஒரே நேரத்தில் பத்துப் பேர் துவைக்கலாம் என்றீர்கள், ஆறு பேருக்கே கல் போதவில்லை. இன்னொரு கல் போட வேண்டும்.

அடுத்தது உயில். அது பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் காலத்துக்குப் பிறகு என்று நான்தான் தட்டச்சு செய்தேன். ஆனால் வீடு இப்போதே உங்கள் காலத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. பேச்சித்தாய் அக்கா தலையை உலர்த்திக்கொண்டு சிரித்ததை நான் மட்டும் பார்த்தேன். அதை நீங்கள் அல்லவா பார்க்க வேண்டும்? நீங்கள் போன பிறகு திறந்தால் யார் பார்ப்பது? ஷெரிபா அக்காவைக் கூப்பிட்டு இப்போதே திறந்துவிடலாம். தேவசகாயம் அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். நேற்று அவர் ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்.

மாடியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அங்கே மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். திரை புதுசு. திருத்தி எழுதுகிறேன் என்று நீங்கள் ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்வேன். அண்ணாச்சி கோபித்தாலும் பரவாயில்லை. எனக்கு அந்த அறை வேண்டாம். வேண்டும் என்றுதான் முதல் நாளிலிருந்து நினைத்தேன், எதுவும் வேண்டாம் என்று எழுதியது பொய். ஆனால் வராந்தாவில் பாய் போட்டு உங்கள் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேனே, அப்போது தெரிந்தது, நான் கேட்க நினைத்தது அந்த அறையை இல்லை.

மணி ஆகிறது. நர்ஸ் கூப்பிடுவார். உள்ளே வந்ததும் மோட்டார், மாத்திரை என்று நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் வந்த உடனே, கண்ணாடியைப் போட்டுவிட்டு, இதைத்தான் முதலில் கேட்பேன்:

வீட்டுக்கு வாங்க, அத்தை. வந்த பிறகு, கீழே உங்க கட்டில் பக்கத்துல ஒரு பாய் போட்டுக்கிட எனக்கு இடம் தருவீங்களா?